உடம்பு தேறும் மாத்திரை

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு ஆளின் பெயர் மறந்தாலும் அவர் வாங்கும் மாத்திரை மறக்காது. கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு இது தெரியும். என் கடை ஆறுமுகநேரியில், உப்பளத்துக்குப் போகிற வழியில்.

ஐந்து நாள் சீட்டு

செல்லக்கனி அளத்தில் உப்பு சுமப்பவள். மூட்டெல்லாம் வீங்கியதற்கு டாக்டர் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாளும் அதே சீட்டோடு வந்து நின்றாள். "அஞ்சு நாளைக்குத்தானே எழுதியிருக்கு?" என்றேன்.

"அளத்துல உப்பு அஞ்சு நாள்ல தீந்துருமா அண்ணாச்சி?"

கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் அதே சீட்டோடு வந்தபோதெல்லாம் கொடுத்தேன்.

பூசின முகம்

சில மாதங்களில் முகம் வட்டமாக உப்பியது. அது மாத்திரையின் வேலை என்று படித்தவன் நான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'தேறிட்டா'. பிறகு ஒருநாள் கூட வந்த தோழி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏளா, நல்லா தேறிட்டியே! அண்ணாச்சி, எனக்கும் அதே மாத்திரய குடுங்க."

சுண்ணாம்பு

தோழிக்குக் கொடுக்கவில்லை. செல்லக்கனியிடம் அன்றுதான் வாயைத் திறந்தேன், இரண்டு வருஷம் கழித்து. இந்த மாத்திரையை நாள்கணக்கில் தின்றால் சாப்பாட்டில் இருக்கிற கால்சியம் உடம்பில் ஒட்டாது, சிறுநீரிலும் போய்விடும். ரத்தத்தில் குறைந்ததை ஈடுகட்டக் கழுத்துச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுக்கும். புது எலும்பும் சரியாக வளராது என்றேன். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, உடனே டாக்டரிடம் போ என்றேன். அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டாள்.

"தெனமும் வெத்தலையில சுண்ணாம்பு தடவுதேனே, அது பத்தாதா?"

சோற்றுப்பானை

அவள் டாக்டரிடம் போகவில்லை. அடுத்த மாதம் அவள் புருஷன் எக்ஸ்ரே படத்தோடு வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நசுங்கியிருந்தன. எங்கே விழுந்தாள் என்று கேட்டேன்.

"விழவே இல்ல அண்ணாச்சி. சோத்துப்பானைய குனிஞ்சு தூக்குனா, அம்புட்டுதான்."

கவுண்டர்

இனி அவளுக்குச் சுமை கிடையாது, அளமும் கிடையாது. நேற்று புது டாக்டரின் சீட்டோடு வந்தாள். கூன் விழுந்திருந்தது. முன்பு கவுண்டரில் முழங்கை ஊன்றிப் பேசியவள், இப்போது விளிம்பில் மோவாயை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் துளி கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

"கவுண்டர ஒசத்தி கெட்டிட்டீங்களோ அண்ணாச்சி?"

தர முடியாது என்று சொல்லத் தெரியாத மருந்துக்கடைக்காரனை எங்கள் ஊரில் நல்ல மனுஷன் என்பார்கள். நான் ரொம்ப நல்ல மனுஷன்.