ஏணியிடம் பேசுகிறவர்

"ஏம்பா, இந்த அக்கா வீட்டுல அரசாங்க உதவி அட்டை இருக்கும்போல. அட்டை இருந்தா பாதி விலைக்கு இன்டர்நெட் குடுத்தே ஆகணும்னு சட்டம் வந்தாச்சே, இவங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சுவரில் சாய்த்த ஏணியிடம்தான் இப்படிக் கேட்டார். ஏணி பதில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு இணைப்பைத் துண்டிக்க வந்தவர் அவர். நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள்; ஆபீஸ் கூட்டிப் பெருக்குகிற எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மகளின் நர்ஸ் படிப்பில் பாதி வகுப்பு இன்டர்நெட்டில்தான். படிப்பு இத்தோடு போச்சு என்று அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"தம்பி, அந்தப் பாதி விலை எங்களுக்குக் கிடைக்குமா?" என்றேன்.

"அப்பாடா, கேட்டுட்டீங்க! நாங்களா வாயத் தெறக்கக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. நீங்க கேட்டா மறைக்கக் கூடாது, அது சட்டம். அதான் ஏணிகிட்டப் பொலம்பறது."

எடுத்த கட்டிங் பிளேயரைப் பைக்குள் போட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தரையில் உட்கார்ந்து பாதி விலைக்கான மனுவை நிரப்பினார். பத்து நாளில் விலை பாதியானது. மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஆள் குட்டை, ஏணி நெட்டை. எங்கள் தெருவுக்கு வேலையாக அடிக்கடி வருவார்; தூரத்தில் வரும்போது ஏணியே நடந்து வருவதுபோல் இருக்கும். வெட்டிய ஒயர்த் துண்டு ஒன்றைக்கூடக் கீழே விடமாட்டார். பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எதிர்வீட்டுத் தையல்காரர், "ஏணிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்று சீண்டுவார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பொண்ணு உசரமா வேணுமாம்" என்பார்.

தினமும் சாமி கும்பிடும்போது அவருக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வேன். பெயர் தெரியாது. ஏணிக்காரர் என்றால் கடவுளுக்குத் தெரியாதா?

போன வாரம் ஏணி இல்லாமல் வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் நின்றார். ஏணிப் பேச்சு மேலதிகாரி காதுக்குப் போய்விட்டதாம். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

"எங்களாலதானே தம்பி?" என்றேன்.

"விடுங்கக்கா, வெயில்ல அலையறது மிச்சம்."

தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"அட்டை இருக்கிற வீடு இந்தத் தெருவுல இன்னும் பதினாலு இருக்குக்கா. சொல்லக் கூடாதுன்னு உத்தரவு எங்களுக்குத்தான். உங்களுக்கு இல்லையே."