கடலுக்கு ஒரு குண்டான் வெந்நீர்

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினால் உலகத்தில் எந்த அழுக்கும் ஒழிந்துவிடும் என்று நான் முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதற்கு எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கழுவும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் இரும்பை வெந்நீரில் முக்கி எடுத்தால் கல்யாண மாப்பிள்ளை போலப் பளபளக்கும். போதாததற்குப் பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். கையுறை போடாதவர்களைப் பிடித்து நிற்க வைத்து அரைமணி நேரம் உபதேசம் செய்வேன். இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டுதான் ஓர் ஆயுத பூஜையன்று காலையில் என் குடும்பத்தைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டிதான், ஆனால் நான் கடல் என்றுதான் சொல்வேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் ஒரு கடையில் கடல் உப்பு, பாறை, பவழம் எல்லாம் வாங்கி வந்தேன். யாரும் அடுக்காதது போலப் பாறைகளை அடுக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஊதா விரல்கள் போல ஒரு பவழம், பச்சைக் கூந்தல் போல இன்னொன்று, நடுவில் இரண்டு ஆரஞ்சு மீன்கள். பவழம் கல் இல்லை, உயிர். அது வாழ வேண்டுமானால் இரண்டு பம்புகள் இரவும் பகலும் அலை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை நின்றால் தண்ணீருக்குள் மூச்சு தீர்ந்துவிடும். அதனால் கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு தனி இன்வெர்ட்டர் வைத்திருந்தேன். வீட்டு மின்விசிறிக்குக் கிடையாது, கடலுக்கு மட்டும். இதைப் பற்றி என் மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

கடலில் ஒரு ரவுடியும் இருந்தான். சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு நிறத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டி வளரும் ஓர் உயிர். கடைக்காரர் முதல் பாறையோடு இலவசமாகக் கொடுத்தது. கொடுக்கும்போது "கிளவுஸ் ஹாக்கொள்ளி சார்" என்று, கையுறை போட்டுக்கொள்ளும்படி கன்னடத்தில் எச்சரித்தார். ஊருக்கெல்லாம் கையுறை உபதேசம் செய்கிற நான், "பர்வாகில்லா" என்று சிரித்துக்கொண்டே வெறுங்கையால் வாங்கி வந்தேன். ஒரு வருடத்தில் பொத்தான்கள் இரண்டு பாறைகளைப் பிடித்துவிட்டு ஊதா விரல்களை நெருங்கின.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு வீட்டில் கழுவாத பொருள் இருக்கக்கூடாது. அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர், டெஸ்டர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மனைவி தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, எல்லாத்தையும் கழுவியாச்சு. உங்க கடல் ஒண்ணுதான் பாக்கி."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு யோசனை பிறந்துவிட்டது. பொத்தான் பிடித்த பாறைகளில் சின்னதை எடுத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தேன். சுண்டல் வெந்து இறங்கிய அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் கொதிக்க வைத்து, மொத்தமாக அதன் தலையில் கவிழ்த்தேன்.

புஸ் என்று ஆவி என் முகத்தில் அடித்தது. அழுகிய மீன் நாற்றம். பொத்தான்கள் சுருங்கின. எனக்குப் பரம திருப்தி. அப்போது பத்தாவது படிக்கும் மகள் உள்ளே வந்து, "என்னப்பா நாத்தம்?" என்றாள். என்றவள் இருமினாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு.

நாற்றத்துக்குக் காரணம் என்ன என்று செல்போனில் தேடினேன். தேடியிருக்கக்கூடாது. அந்தப் பழுப்புப் பொத்தான்களில் சில வகைகளுக்குள் கடுமையான விஷம் இருக்கலாம், வெந்நீர் ஊற்றினால் அது ஆவியோடு கிளம்பும், மூச்சில் போனால் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும் என்று போட்டிருந்தது. வாயில் உலோகக் கசப்பு வருமாம். உடனே வந்தது. உதடு மரத்துப்போகுமாம். போனது. நெஞ்சு இறுகும் என்ற வரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு எனக்கு முன்னால் போய் இறுகிக்கொண்டு நின்றது. படித்த வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக வந்தன.

மகள் இன்னொரு முறை இருமினாள்.

அதற்குப் பிறகு நான் மனிதனாக நடந்துகொள்ளவில்லை, தொழிற்சாலையாக நடந்துகொண்டேன். வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பதினெட்டு வருடம் பாடம் நடத்திய உடம்பு தானாக ஓடியது. முதலில் மெயின் சுவிட்ச். அணைத்தேன். இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதையும் அணைத்தேன். அந்தப் பதற்றத்திலும் அதை மறக்கவில்லை என்று ஒரு பெருமை வேறு. "எல்லாரும் வெளியே! ஒண்ணும் எடுக்காதீங்க!" என்று கத்தி இருவரையும் தெருவுக்குத் தள்ளினேன். மனைவி கையில் கற்பூரத் தட்டோடு வந்தாள்.

அடுத்த விதி, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. தொழிற்சாலையில் அதைப் பார்க்கக் கொடி உண்டு. இங்கே என்ன செய்வது? வாசலில் பூஜைக்கு வைத்திருந்த பொரியை ஒரு கை அள்ளி வீசினேன். அது என் தலையிலேயே விழுந்தது. பிறகு ஆள் கணக்கு. மூன்று பேர் இருக்க வேண்டும், நான்கு வந்தது. திரும்ப எண்ணினேன். அப்போதும் நான்கு. நான்காவது ஆள், எதிர்வீட்டு பாய். பழைய இரும்பு வியாபாரம் செய்பவர், சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

"இன்னா சார், ஆனை வந்துடுச்சா?"

சானமாவு காடு பக்கத்திலிருப்பதால் எங்கள் தெருவில் யார் ஓடினாலும் இதுதான் முதல் கேள்வி.

"ஆனை இல்ல பாய். விஷம்!"

"பாம்பா?"

"பவழம்!"

பாய் என் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"பவழமோ பாம்போ, முகம் வெள்ளையா போச்சே சார் உங்களுக்கு. ஏறுங்க வண்டியில" என்று தன் வேனைக் கிளப்பினார். மகளை எனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். அவள் முதுகில் கை வைத்து ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். ஒன்று வந்தது. அடுத்தது வருமா? வந்தது. லாரிகளுக்கு நடுவே வேன் சிக்னலில் நின்றபோது ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்த இடைவெளியில், இவளை வெறுங்கையால் கொன்றவன் என்ற பெயரோடு மிச்ச காலத்தை எப்படிக் கழிப்பேன் என்று யோசித்து முடித்துவிட்டேன். வழியெல்லாம் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. மனைவி அதைப் பார்த்துத்தான் முதல்முறையாகப் பயந்தாள்.

"ஏங்க, ஏதாவது பேசுங்க" என்றாள். "சும்மா இருக்காதீங்க. கிலியா இருக்குது."

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். தலையில் பொரியோடு நின்ற என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடல மேடம். பவழத்துக்கு வெந்நீர் ஊத்திட்டேன்."

"பவழம்னா... மோதிரத்துல வைப்பாங்களே?"

செல்போனை நீட்டினேன். அவர் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தால் பிழைத்தோம். அவர் சிரிக்கவில்லை. மூன்று பேரையும் உள்ளே படுக்க வைத்துச் சாயங்காலம் வரை விடவில்லை. விரலில் கிளிப், நெஞ்சில் ஒயர், ஊசி குத்தி ரத்தம். பக்கத்துக் கட்டிலில் மகள் சலித்துக்கொண்டாள்.

"அப்பா, அம்மா போட்ட சாம்பிராணிக்குத்தான் இருமினேன். வருஷா வருஷம் இருமுவேன். நீங்க கவனிச்சதே இல்ல."

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். "மூணு பேருக்கும் எல்லாம் நார்மல். உங்களுக்கு மட்டும் பிரஷர் ஏறியிருக்கு, அது பயத்துல. எதுக்கும் வீட்டைக் காத்தோட்டமா விட்டுட்டு, நாளைக்குப் போங்க."

வீட்டு ஜன்னல்கள் நாங்கள் ஓடி வந்தபோதே திறந்துதான் இருந்தன. அப்படியே குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்கார வைத்து, பவழத்துக்கு வெந்நீர் ஊற்றிய கதையை எனக்கே இரண்டு முறை சொல்லிக் காட்டினார். நான் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

மறுநாள் மதியம் வீட்டைத் திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மிக்ஸியின் பொட்டுகூட அழியவில்லை. ஏதோ ஒன்று மட்டும் குறைந்தது. வாசலில் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டேன். பம்பின் முனகல் இல்லை.

விஷம் எங்கள் மூவரில் யாரையும் தொடவில்லை. நான் மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் போனதில் ஒரு நாளுக்கு மேல் அலை நின்று, இரண்டு மீன்களும் ஊதாப் பவழமும் பச்சைப் பவழமும் செத்துப்போயிருந்தன. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளினேன். தண்ணீரை மாற்றி மறுபடி பம்பை ஓடவிட்ட மூன்றாம் நாள், பெரிய பாறையில் பழுப்புப் பொத்தான்கள் விரிந்தன. இப்போது அந்தத் தொட்டியில் அவை மட்டும்தான் இருக்கின்றன.