பொவேயில் நடுவே வைத்த தூண்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரயில் பாதையைப் பார்த்த ஒற்றை அறையொன்றில் இருந்தோம். நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கப் போய்வந்தாள்.

யாழ்ப்பாணத்தில் அவள் கட்டடத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள். பள்ளிக்கூடங்களுக்கும் தபால் கந்தோர்களுக்கும் படம் கீறிய கை. அது எனக்குத் தெரியும். ஆனால் கலியாணம் பேசியபோது தரகர் சொன்ன விபரங்களில் ஒன்றாகத்தான் தெரியும். தாலி கட்டிய கையோடு நான் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டேன். வெகுகாலம் கழித்து அவள் வந்து சேர்ந்தபோது, கேட்டதற்கு ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் பேசாத பெண்ணாக இருந்தாள். சுபாவமே அப்படியாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பாரிஸுக்கு வடக்கே, பொவே நகரத்து அகதி விடுதியில் என் ஒன்றுவிட்ட தம்பியும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பார்க்கப் போனோம். என் மனைவி பிள்ளை பெற்றவளுக்கென்று சோறும் சரக்குக்கறியும் காய்ச்சி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, பையில் வைத்து மடியில் பிடித்தபடி ரயிலில் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால், பார்வையாளர்களைப் பின்னேரம்தான் விடுவோம் என்றார்கள். தெருவில் நிற்க முடியாத குளிர். வீட்டுக்கூரைகளுக்கு மேலாக ஒரு பெரிய கற்குவியல் தெரிந்தது. தேவாலயம் என்றால் கதவு திறந்திருக்கும், உள்ளே கொஞ்சம் சூடாகவும் இருக்கும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

உள்ளே சூடு இல்லை. ஆனால் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு நினைக்கவேயில்லை.

முதலில் எனக்கு நேர்ந்தது பயம். தலையை நிமிர்த்தினேன். தூண்கள் போய்க்கொண்டே இருந்தன. கூரை இந்த இடத்தில்தான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்ட இடத்தைத் தாண்டி, அதற்கு மேலும் அவ்வளவு தூரம் போயின. பிடரி வலித்தது. கூர்ந்து எழுந்த வளைவுகள் ஒன்றையொன்று தொடும் அந்த உச்சியில் வெளிச்சம் புகைபோல நின்றது. சுற்றிவர நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி. இதை மனிதர்கள் கட்டினார்கள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏன் என்று தெரியாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“நல்ல உயரம் என்ன?” என்றேன். அதைவிட வேறொன்றும் வாயில் வரவில்லை.

அவள் பையை ஒரு கதிரையில் வைத்துவிட்டு மெல்லச் சுற்றிவந்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, இதுக்குச் சுவர் எங்கை?”

“உதுதானே சுவர்.”

“உது கண்ணாடி. கண்ணாடி பாரம் தாங்காது. அப்ப உந்தக் கூரையை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?”

எனக்கு விளங்கவில்லை. அவள் எனக்கு விளங்கப்படுத்தவும் காத்திருக்கவில்லை. “வெளியிலை ஆரோ பிடிச்சுக்கொண்டு நிக்கினம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வாசலை நோக்கி வேகமாக நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். வெளியே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் நானும் கண்டேன். கட்டடத்துக்கு வெளியே தனித்தனிக் கோபுரங்கள்போலப் பருத்த கற்தூண்கள். அவற்றிலிருந்து கல் வளைவுகள் காற்றில் தாவி, உள்ளிருக்கும் சுவரின் தோளைத் தாங்கிப் பிடித்தன. ஒரு பெரிய கூட்டம் கைகளை நீட்டி, விழப்போகும் ஒருவரைப் பிடித்தபடி அசையாமல் நிற்பதுபோல இருந்தது.

“பாத்தீங்களே! பாரம் கீழை மட்டும் போகாது, வெளிப்பக்கமாத் தள்ளும். அதை இஞ்சை வாங்கி மண்ணுக்குள்ளை விடுறாங்கள். அதாலைதான் உள்ளை சுவரே வேண்டாம் எண்டு விட்டிருக்கிறாங்கள்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “என்ன துணிவு இவங்களுக்கு!”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

மீண்டும் உள்ளே போனோம். நான் கறிப்பை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால், அவள் குளிர் மேலங்கியோடு கல்தரையில் மல்லாந்து படுத்திருந்தாள்.

“என்ன செய்யிறீர்? எழும்பும், சனம் பாக்குது!”

“கொஞ்சம் பொறுங்கோ.”

வாசலருகே மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்த வயதான பிரெஞ்சுப் பெண்மணி, இவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து “மதாம், மதாம்!” என்று ஓடிவந்தார். நான் என் குசினிப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என் மனைவி எழுந்து உட்கார்ந்து ஒரு தூணைக் காட்டினாள்.

“இவவிட்டைக் கேளுங்கோ. உந்தத் தூண் முதல் இருந்ததில்லை. பிறகு நடுவிலை வச்சது. இது ஒருக்கா விழுந்திருக்கு.”

“உமக்கு என்னெண்டு தெரியும்?”

“தூணுக்குத் தூண் இடைவெளி ஒடுங்கிப்போய்க் கிடக்கு. மேலை பாருங்கோ, பழைய அகல வளைவின்ரை தடம் சுவரிலை அப்பிடியே தெரியுது.”

அதையெல்லாம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. தடுமாறினேன். அவள் என் சட்டைப்பையிலிருந்து பேனையை உருவினாள். கறிப்பையில் பாண் சுற்றி வைத்திருந்த கடதாசியை எடுத்து விரித்து அகலமான ஒரு வளைவு கீறினாள். அது நொறுங்கிக் கிடப்பதை அதன் பக்கத்தில் கீறினாள். பிறகு அதே வளைவின் நட்டநடுவே ஒரு தூணை நிறுத்தி, ஒன்றை ஒடுக்கமான இரண்டாக்கினாள். கோடுகள் நடுங்கவில்லை. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தன.

பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். “வுய்! வுய்!” என்று என் மனைவியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆம், விழுந்தது. கட்டி முடித்துச் சில வருடங்களிலேயே கூரை இடிந்து விழுந்தது. தூண்களைக் கூட்டி, அதே உயரத்துக்குத் திரும்பவும் கட்டினார்கள்.

“அதே உயரத்துக்கோ?” என்று என் மனைவி என்னைக் கேட்டாள். நான் பிரெஞ்சில் கேட்டேன்.

“அதே உயரத்துக்கு.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

மெழுகுதிரி வாங்க யாரும் இல்லாததால் அந்த அம்மா எங்களோடு நடந்தார். இந்தக் கோதிக் கட்டடப் பாணி பாரிஸையும் அதன் வடக்கையும் சேர்ந்த ஊர்களில்தான் பிறந்து வளர்ந்தது என்றார். சென் தெனியில் தொடங்கியது. பிறகு ஊருக்கு ஊர் போட்டி. அமியென்காரர் உயர்த்தினால் பொவேக்காரர் அதைவிட உயர்த்த வேண்டும். கடைசியில் மேற்குப் பக்கம் கூட்டிப்போய் ஒரு மொட்டைச் சுவரைக் காட்டினார். அதற்கு அப்பால் நீண்ட மண்டபம் வந்திருக்க வேண்டும். வரவேயில்லை. அந்த இடத்தில் ஆயிரம் வருடப் பழைய சிறிய தேவாலயம் ஒன்று ஓட்டுக்கூரையோடு குந்தியிருந்தது. நாங்கள் பார்த்து வியந்ததெல்லாம் முடிக்கப்படாத கோயிலின் ஒரு பாதி மட்டுமே. முழுதும் கட்டியிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

பின்னேரம் பிள்ளையைப் பார்த்தோம். வெள்ளைத் துணிக்குள் சிவந்து நித்திரையாக இருந்தது. தம்பியின் மனைவி கறியை ஆசையோடு சாப்பிட்டாள். என் மனைவி அவளுக்குத் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்தப் பெண் சோற்றைப் பிசைந்தபடி “ஓமக்கா, ஓமக்கா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் என் மனைவி யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். “படவரைஞர் எண்டதுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?”

எனக்குத் தெரியவில்லை. அவள் இந்த நாட்டுக்கு வந்து அத்தனை காலமாகியும் அந்தச் சொல்லைத் தேடிப்பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. மறுநாள் எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வரும் புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “தெசினத்ரீஸ்னு சொல்லுவாங்க. யாருக்கு சார் வேணும்?” என்றார். என் மனைவிக்கு என்றேன். மாலை நேர வகுப்புகள் நடக்கும் இடத்தையும் அவரே விசாரித்துச் சொன்னார்.

ஹோட்டல் வேலை முடிந்து வகுப்புக்குப் போனாள். மொழிதான் வருத்தியது, கோடுகள் வருத்தவில்லை. சில குளிர்காலங்கள் கழிந்தபின் ஒரு சிறிய கட்டட அலுவலகத்தில் படம் கீறும் வேலை கிடைத்தது. அவள் கீறி முதலில் எழுந்த கட்டடம் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபம். ஒரு மழைநாளில் என்னைக் கூட்டிப்போய் வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டினாள். ஒற்றை மாடிகூட இல்லாத, தட்டையான, சாம்பல் நிறக் கட்டடம்.

“எப்பிடி?” என்றாள்.

“வடிவாயிருக்கு.”

“வடிவு கிடக்கட்டும். ஒழுகாது” என்றாள், குடையைச் சாய்த்துக் கூரை விளிம்பைப் பார்த்தபடி.