பரிசோதகர் நம்பிய ஒரே ஆள்

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, சற்று நேரம் பொறுத்து அதையே மறுபடி கேட்பார். 'எங்கே ஏறினீங்க?' என்பதற்கு இரண்டாம் முறை வேறு ஊர் வந்தால் ஆள் அகப்பட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்கோ வாய் திறந்தவனெல்லாம் டிக்கெட் இல்லாதவன்.

மனைவிக்குக் கணையம் வீங்கி அழுகத் தொடங்கியபோது ஆஸ்பத்திரியிலும் அதையே செய்தார்.

"அழுகின சதைய இப்ப எடுக்கக் கூடாதுங்க. நாலு வாரம் போனா அதைச் சுத்தி உறை கட்டிக்கும். அதுக்கு முன்னாடி கத்தி வச்சா ரத்தத்த நிறுத்த முடியாது," என்றார் அறுவை மருத்துவர்.

அழுகியதை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பதா? பரிசோதகருக்கு மூக்கில் வியர்த்தது. நர்ஸிடம் கேட்டார், ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். அதற்குப் பிறகு மனைவியிடம் யார் எது கேட்டாலும் முந்திக்கொண்டு இவரே பதில் சொன்னார்.

இரண்டாம் வாரம் காய்ச்சல் ஏறி, அவள் வயிறு கல்லாய் இறுகியது. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் ஓடி வந்தார். "இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"நாலு வாரம்னீங்களே?"

"அது கணையத்துக்கு. இப்ப பக்கத்துல இருக்கற பெருங்குடல் அழுகி ஓட்டை விழுந்திருக்கு. அபூர்வமா இப்படி ஆகும். அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு, குடலோட முனைய வயித்துக்கு வெளிய கொண்டுவந்து பை மாட்டணும். தாமதிச்சா உயிருக்கே ஆபத்து. வயித்துவலி எப்ப அதிகமாச்சு?"

பேச்சு மாறிவிட்டது, ஆள் அகப்பட்டான்.

"வலியே இல்ல டாக்டர். தினம் ரெண்டு தடவை நானே கேக்கறேன், ஒரே பதில்தான். நீங்கதான் எதையோ மறைக்கிறீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மனைவி கண்ணைத் திறந்தாள். "நாலஞ்சு நாளா வலி உயிர் போகுது டாக்டர்."

"என்கிட்ட இல்லன்னியே?"

"சொன்னா டாக்டர் சட்டையப் பிடிப்பீங்க. உங்ககிட்ட பொய் சொல்றது சுலபம்ங்க. ரெண்டு தடவையும் ஒண்ணையே சொல்லணும், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான் காலம் தள்ளறேன்." கையை நீட்டினாள். "பேனாவ என்கிட்ட குடுங்க டாக்டர்."

அவள் பிழைத்துக்கொண்டாள். மயக்கம் தெளிந்ததும் அவர் குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள்.

அவளை நம்புவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.