நாத்திகர் வீட்டு விசுவாசி

என் கணவர் கடவுள் இல்லை என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. ஆராதனை முடிந்து வந்து, சோறு போட்டு, வழக்கம்போல ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஜெபம் பண்ணிக்கோ. எனக்கு இனிமே அதுல நம்பிக்கை இல்ல. இல்லாத ஒருத்தருக்கு நன்றி சொல்ற மாதிரி நடிக்க முடியல" என்றார்.

நாங்கள் அப்போது ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் சரக்குக் கொட்டகையில் கிளார்க். நான் மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். கல்யாணமாகி மூன்று வருஷம். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் ரயிலேறித் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவார். அங்கே ஒரு நண்பரின் அறையில் தாய்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பகுத்தறிவுப் பத்திரிகைகளை வாசித்து நாலைந்து பேர் விவாதம் செய்வார்கள். சீட்டாடப் போகாமல் பத்திரிகை படிக்கப் போகிறாரே என்று நான் பெருமைப்பட்டிருந்தேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையின் மூப்பர். விஷயம் காதுக்கு எட்டியதும் நேரே வந்தார். "பிள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடு. அவனுக்குப் புத்தி வரட்டும்."

"அவர் குடிக்கலப்பா, அடிக்கல. நம்பிக்கையில்லேன்னு உண்மையைச் சொன்னாரு. அதுக்காக விட்டுட்டு வரணுமா?" என்றேன். அப்பா காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

விட்டுவிட்டு வரவில்லை என்றாலும் நான் விட்டுக்கொடுக்கவும் இல்லை. மாலையில் அவர் வேலையிலிருந்து வந்ததும் எங்கள் பேச்சு தொடங்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வேன்.

"தோட்டத்துக் கூலிங்க இருக்கற லயத்துல காய்ச்சல்ல பச்சைக் குழந்தைங்க சாகுது. உன் கடவுள் எங்க போனாரு?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். ஆனா அது அநியாயம்னு உங்களுக்குத் தோணுதே, அது எப்படி? எல்லாம் தற்செயல்னா, குழந்தை சாகறதும் இலை உதிர்றதும் ஒண்ணுதானே? நீங்க அப்படி நினைக்கலையே."

அவர் யோசித்தார். யோசிக்காமல் பதில் சொல்கிறவர் அல்ல. "மனுஷனுக்கு மனுஷன் மேல இரக்கம் இருக்கு. அதுக்கு மேல ஒருத்தர் உக்காந்திருக்கணுமா?" என்றார்.

இப்படியே போகும். இருவரில் ஒருவரும் ஜெயித்ததில்லை. ஒரு மாலை, பேச்சுக்கு நடுவே அவர் சாதாரணமாகக் கேட்டார். "எல்லாரும் ஒண்ணுங்கறீங்களே, உங்க சபையில திருவிருந்துப் பாத்திரத்துல யாரு கடைசியா குடிக்கிறாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அடுத்த தடவை பாரு" என்றார். அவரும் அந்தச் சபையில் வளர்ந்தவர்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்குத் திருவிருந்து, ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாரும் திராட்சரசம் குடிக்கும் ஆராதனை. சின்ன வயதிலிருந்து முதல் வரிசையோடு போய் முழங்காலிட்டு, குடித்து, திரும்பி வந்து தலையைக் குனிந்துகொள்வேன். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஞாயிறு பார்த்தேன். முதலில் கிராணி, கிளார்க், டீச்சர் குடும்பங்கள். பிறகு மற்ற வேலைக்காரர்கள். கடைசியில், சுவரோரப் பெஞ்சுகளில் இருந்த தோட்டத்து ஜனங்கள். நடுவில் ஒருமுறை முன்னால் முழங்காலிட ஒரு இடம் காலியாக இருந்தது. காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டும் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பாதி எழுந்தாள். என் அப்பா தலையைக்கூட முழுதாகத் திருப்பாமல் ஒரு விரலை உயர்த்தினார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மணலில் என் கையைப் பிடித்து அகரம் எழுதவைத்த விரல் அது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "பாத்தேன். தப்பு எங்க மேலதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இது தப்புன்னு எதை வச்சு சொல்றீங்க? ஏழையும் பெரியவனும் தேவனுக்கு முன்னால ஒண்ணுன்னு எங்க வேதம்தானே உங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுத்துச்சு? எங்க வீட்டு விளக்கை எடுத்துத்தான் எங்க வீட்டு அழுக்கைக் காட்டுறீங்க."

அவர் சிரித்தார், கேலியாக அல்ல. "நல்ல விளக்குன்னே வச்சுக்கோ. பிடிச்சுக்கிட்டு நிக்கறவங்க கண்ணை மூடிக்கிட்டிருந்தா?"



அடுத்த திருவிருந்து ஞாயிறு நான் முன்னால் போகவில்லை. சுவரோரப் பெஞ்சில் அந்தக் காப்பார் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பதறிப்போனாள்.

"டீச்சரம்மா, இங்க எதுக்கு? முன்னால போங்கம்மா. பெரியய்யா பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். தைரியமாகச் சொல்லவில்லை, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதல் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. போதகர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு தொடர்ந்தார். கடைசி வரிசை போனபோது அவளுக்குப் பின்னால் போய் முழங்காலிட்டேன். அவள் குடித்தாள். அதே பாத்திரத்தில், அவள் உதடு பட்ட இடத்தில், நான் குடித்தேன். அப்பா ஆசீர்வாதத்துக்குக் காத்திராமல் எழுந்து போனார். வாசலில் போதகர் தணிந்த குரலில், "நான் எப்பவோ சொல்லியிருக்கணும்மா. தைரியம் வரல" என்றார்.

அன்று மாலை என் கணவர் தயங்கிக் கேட்டார். "நான் சன்னலுக்கு வெளியே நின்னு பாத்தேன். எனக்காகவா செஞ்சே?"

"இல்ல. கண்ணைத் திறந்தது நீங்க. பின்னால போய் உக்காந்தது தேவனுக்காக."

"அவர் இல்லேன்னாலும் அந்தம்மாவுக்காக நீ போயிருப்பே."

"தெரியலங்க. எங்கப்பாவுக்கு எதிரே நிக்கற பலம் எனக்குச் சொந்தமா எப்பவும் இருந்ததில்ல. அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க நம்பணும்னு சொல்ல மாட்டேன்."

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. பள்ளியில் சிலர் என்னோடு காபி குடிப்பதை நிறுத்தினார்கள். அப்பா ஐந்து மாதம் பேசவில்லை. ஆனால் அடுத்த திருவிருந்துக்கு நான் சுவரோரப் பெஞ்சுக்குப் போனபோது அங்கே எனக்கு முன்பே என் அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் போதகர் வரிசை முறையையே எடுத்துவிட்டார். யார் எங்கே இருந்தும் எழுந்து வரலாம் என்றார்.

ஞானஸ்நானப் பேச்சை என் கணவர்தான் எடுத்தார். "கொண்டுபோ. ஆனா பெரியவளாகி அவ கேள்வி கேட்டா வாயை அடைக்கக் கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன். குழந்தைக்காக உறுதி சொல்லும் ஞானத்தாயாக அந்தக் காப்பார் பெண்ணை நிறுத்தப் போகிறேன் என்றபோது, "அப்படின்னா நானும் உள்ளே வரேன்" என்றார். வந்தார். கடைசிப் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜெபத்தின்போது கண்ணை மூடவில்லை. கடைசிவரை அவர் நம்பவும் இல்லை. எங்கள் விவாதம் அவர் இருந்தவரை நீண்டது. அது இல்லாமல் எனக்கு இப்போது வீடு மிக அமைதியாக இருக்கிறது.

ஞானஸ்நானத்துக்கு அப்பா வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, பாட்டு தொடங்கிய பிறகு வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். சுவரோரப் பெஞ்சில் அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டார்.