நேர்த்தியும் பொயிலரும்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டோடு சேர்ந்து வந்தது, வீட்டைச் சூடாக்கும் அந்த எண்ணெய்ப் பொயிலர். நிலக்கீழ் அறையில் பச்சை நிற இரும்பு அலுமாரி மாதிரி நின்றது. அதற்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. வருடா வருடம் அதைத் துப்புரவாக்க வரும் வயதான டேனிஷ்காரர், தான் வேலை பழகிய காலத்திலேயே இது பழசு என்று சொல்லி அதன் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

இலங்கையில், வன்னியில் கடைசிச் சண்டை நடந்த அந்தக் குளிர்காலத்தில் நான் நாலாம் வகுப்பு. பொயிலர் அடம்பிடிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். நினைத்த நேரத்தில் நிற்கும். முன்னால் இருந்த சிவப்புப் பொத்தானை அமத்தினால் கொஞ்சம் யோசிக்கும். பிறகு 'டம்' என்று வீடு அதிரப் பற்றிக்கொள்ளும். நானும் தங்கச்சியும் அதற்குக் கைதட்டுவோம். அம்மா மட்டும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். அதன்பின் கரிப்புகை மணம் படியேறி வரும். தங்கச்சிக்கு நெஞ்சு இழுக்கும்.

இனி இதைத் திருத்துவது வீண், புகை உள்ளே கசிகிறது, சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது ஆகாது என்று பொயிலர்க்காரர் சொல்லிவிட்டார். அப்பா உடனே தலையாட்டினார். அம்மா ஆட்டவில்லை.

காரணம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, வன்னியில் இருந்தார். நான் அவரைக் கண்டதில்லை, குரல்தான் பழக்கம். தொலைபேசியில் வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார். டென்மார்க்கில் வீட்டை எப்படிச் சூடாக்குகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்தார். நிலத்துக்குக் கீழே அடுப்பு மாதிரி நெருப்பு எரியும், சுடுதண்ணீர் குழாய்களுக்குள் ஓடும் என்று நான் பெரிய மனுசி போல விளக்கினேன். "அப்ப குசினியை நிலத்துக்குள்ள தாட்டு வைச்சிருக்கிறியள் எண்டு சொல்லு," என்று சிரித்தார். தை மாதத்தில் ஒருநாள் எடுத்து, "அக்கா, இடம் மாறுறம். பிறகு எடுக்கிறன்," என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்த அழைப்பு வந்த அன்றைக்கே அம்மா மடுக் கோவில் மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்தார். தம்பியின் குரலைத் திரும்பக் கேட்கும்வரை இந்த வீட்டுக்குள் புதிதாக ஒரு பொருளும் வராது. சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் விலக்கு.

நேர்த்தி வைப்பவர்கள் பொதுவாகத் தங்களைத்தான் வருத்துவார்கள். எங்கள் அம்மா வீட்டையே சேர்த்துக்கொண்டார். என் காலுக்குச் சப்பாத்து சின்னதாகப் போனபோது என்ன செய்வதென்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில், ஒருவர் போட்டுக் கழித்தது புதுப்பொருள் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஆகவே அந்த வருடம் எங்கள் குடும்பம் முழுவதும் பழைய சாமான் கடையின் தயவில் உடுத்தது. எனக்குக் கிடைத்த சப்பாத்துக்குள் வேறு ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதை மறைப்பதே எனக்குப் பெரும்பாடு.

இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் ஒரு வழி தேடினார். யாரோ பாவித்த பழைய பொயிலர் ஒன்று எடுக்கலாமா என்று பொயிலர்க்காரரைக் கேட்டார். ஒரு கிழவனை அனுப்பிவிட்டு இன்னொரு கிழவனையா கூட்டி வருவது என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தேவாலயத்தில் பழக்கமான ஒருவரிடம் அறையைச் சூடாக்கும் மின்சார அடுப்பு ஒன்றை இரவல் வாங்கிவந்து தங்கச்சியின் கட்டிலடியில் வைத்தார். இரவல் பொருளுக்கும் மாதா ஆட்சேபம் சொல்லவில்லை போலும்.

பங்குனி மாதத்துக்குள் வீட்டில் கதை பேச்சு குறைந்துவிட்டது. அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கணினியில் செய்தி பார்ப்பார். அம்மா முதியோர் இல்லத்து வேலையிலிருந்து வந்ததும் தொலைபேசியைப் பார்ப்பார். இடையில் பொயிலர் நிற்கும். ஒரு பின்னேரம் தங்கச்சி மூச்சுக்குத் தவித்து, அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடவேண்டி வந்தது. திரும்பி வந்ததும் அப்பா வெடித்தார்.

"மாதா உம்மட்டை வந்து பொயிலர் வாங்காதை எண்டு கேட்டவவோ?"

"அவ கேக்கேல்லை. நான் குடுத்த வாக்கு."

"நீர் நேர்த்தி வைச்சது உம்மட தம்பிக்கு. இஞ்ச இழுக்கிறது என்ர பிள்ளைக்கு!"

அம்மா தங்கச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. மனதுக்குள் நான் அப்பாவின் பக்கம்தான். குரல் மட்டும் தெரிந்த மாமாவைவிட, பக்கத்துக் கட்டிலில் இழுக்கிற தங்கச்சி எனக்குப் பெரிது.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று டேனிஷ் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் வந்து, கோட்டைக் கழற்றாமலே இருக்கையில் இருந்துவிட்டுப் போனார்கள். பிறகு வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாம்களிலிருந்து ஒவ்வொரு வீடாக அழைப்புகள் வந்தன. எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வெயில் வந்துவிட்ட ஒரு நாளில், விபோர்க்கில் இருக்கும் ஓர் அன்ரி தன் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய தங்கை முகாமிலிருந்து அவரோடு கதைத்திருந்தார். எங்களை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு கதைத்தார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொயிலர் மனிசனுக்குப் போன் எடு. வந்து புதுசு பூட்டச் சொல்லு."

"நீங்களே கதையுங்கோவன்."

"எனக்கு இண்டைக்கு டேனிஷ் வராது."

நாள் முழுக்க டேனிஷ் கிழவிகளோடு டேனிஷில் கதைக்கிற அம்மா அப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் நான் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. புதுப் பொயிலர் வந்தால் புதுச் சப்பாத்தும் வரும், சைக்கிளும் வரும். தொலைபேசியில் நான் கத்திய கத்தில், தனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும் என்று பொயிலர்க்காரர் சொன்னார்.

அப்பா வேலையால் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். "அப்பா, அம்மா புதுப் பொயிலருக்குச் சொல்லிட்டா!"

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அந்த வருடத்தில் கண்டதேயில்லை. சப்பாத்தோடு குசினிக்குள் ஓடினார். "தம்பி எடுத்தவனோ? என்ன சொன்னவன்?"

"எடுக்கேல்லை," என்றார் அம்மா. அரிசி கழுவிக்கொண்டிருந்தார். "விபோர்க் அக்கான்ர தங்கச்சி அவனைக் கடலேரிக்கரை வரைக்கும் கண்டவவாம். அதுக்குப் பிறகு காணேல்லையாம்."

அப்பா கதிரையை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். "காணேல்லை எண்டுதானே சொன்னவ. வேற ஒண்டும் சொல்லேல்லையே. இஞ்சரும், இப்ப வெயில் காலம். பழசு இன்னும் ஓடும். ஐப்பசி வரைக்கும் பாப்பம்."

"வேண்டாம்."

"ஒரு கிழமையாவது பொறும்."

"அவனுக்காகத்தானே வைச்சனான். இனி ஆருக்கு வைச்சிருக்கிறது? பிள்ளைக்கு இழுக்குது. மாத்துங்கோ."

அப்பா அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. குளிர்காலம் முழுக்கப் பொயிலருக்காகச் சண்டை பிடித்த மனிதர், அம்மா சம்மதித்த பிறகு வேண்டாம் என்று நிற்கிறார். வளர்ந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் போதாது என்று முடிவு கட்டினேன்.

சில நாட்களில் புதியது வந்தது. வெள்ளை நிறம். பற்றும்போது சத்தமே இல்லை. அம்மா படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பொயிலர்க்காரருக்குக் கோப்பி ஊற்றப் போனார். அப்பா வேலைக்கு லீவு போட்டிருந்தும் கீழே வரவில்லை. முற்றத்தில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார். தான் தோற்றுப்போன ரோசம் என்று நினைத்தேன். பாவம் என்று போய்க் கண்ணாடியில் தட்டி, சுடுதண்ணீர் வருகிறது என்று சந்தோசமாகச் சொன்னேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவ்வளவு நல்ல செய்தியைக் கேட்டு ஒருவர் ஏன் முகத்தைத் திருப்புகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.