செலோ டேப் ஒட்டிய ரெஸ்லிங்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாகான் டாலாமில் என் அண்ணன் வீட்டு ஹாலில் இரண்டு மணி நேரம் ரெஸ்லிங் பார்த்தேன். ஆமாம், நான்தான்... "அடிச்சிக்கிறதை எல்லாம் மனுஷன் பார்ப்பானா?" என்று இதே பத்தியில் உங்களிடம் பொரிந்து தள்ளியவள்தான். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய ரெஸ்லிங் நடக்கும். அங்கே இருப்பவர்கள் தனியாகக் காசு கட்டி, வீட்டு டிவியிலேயே நேரடியாகப் பார்ப்பார்களாம். நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை? சில வாரம் கழித்து வீடியோ கடைக்கு டேப் வரும். அது வருகிற வரைக்கும் அண்ணன் காப்பிக் கடைப் பக்கமே போக மாட்டார். யார் ஜெயித்தது என்று எவனாவது சொல்லித் தொலைத்துவிட்டால்? அறுபது வயசு மனுஷன்! ஏழெட்டு வருஷமாக இதே கூத்து.

இந்த வருஷத்துப் போட்டி அடுத்த வாரம். ஆனால் தைப்பூசம் முடிந்த கையோடு அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். படபடப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புது டேப் வாசப்படி ஏறக் கூடாது. அவ்வளவுதான்.

அண்ணன் சண்டை போடவில்லை. சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். எங்களுக்கு அதுதான் பயமாகிவிட்டது. என்னிடம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்.

"பார்த்தா நெஞ்சு அடிக்குமாம். பார்க்காம மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தா மட்டும் அடிக்காதா, தங்கச்சி?"



வழி கண்டுபிடித்தவள் அவர் மகள் மாலதி. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கிறாள். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பழைய டேப் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது, நடுநடுவே அப்பாவுக்குப் பிரஷர் அளப்பது. கடைசி வரைக்கும் ஏறவில்லை என்றால் புது டேப்புக்கு அனுமதி. ஏறினால் ரெஸ்லிங்குக்கே முழுக்கு. அண்ணி அரை மனசோடு தலையாட்டினார்.

தீவிலிருந்து ஃபெரி படகு பிடித்து நானும் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அலமாரியிலிருந்து அவரே ஒரு கேசட்டை எடுத்தார். போன வருஷத்து டேப். அதன் முதுகில் பளபளவென்று ஒரு துண்டு செலோ டேப்.

நான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வீடியோ கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்குமே... அதை உடைத்துவிட்டால் அந்த டேப்பில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. அண்ணன் வாங்கி வைக்கிற ஒவ்வொரு வருஷத்து டேப்பிலும் அதை உடைத்து வைத்துவிடுவார். ஆனால் அந்த ஓட்டையை செலோ டேப்பால் மூடினால் மெஷின் ஏமாந்துவிடும்.

ஏமாற்றியது யார்? நான்தான். தீபாவளி சமயம். என் மகன் பார்ப்பதற்காக அந்த டேப்பை இரவல் வாங்கி வந்திருந்தேன். டிவியில் பலகாரச் சமையல். கையில் காலி டேப் இல்லை. ரெஸ்லிங் முடிந்த பிறகு மிச்சம் இருக்குமே என்று கடைசிப் பக்கம் ஓட்டி, பதிவு செய்துவிட்டேன். சரியாக ஓட்டவில்லை. கடைசிச் சண்டையின் முடிவு போயே போச்சு! அண்ணனிடம் சொல்லப் பயந்து, சத்தம் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது என்ன செய்வேன்? முன்கூட்டியே சொன்னால் அண்ணனுக்குக் கோபத்தில் பிரஷர் ஏறும். சொல்லாவிட்டால் அந்த இடம் வரும்போது ஏறும். எப்படிப் பார்த்தாலும் அண்ணன் நெஞ்சுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். அண்ணி முகத்தில் எப்படி முழிப்பேன்? சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் மாலதி பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பேசாதீங்க அத்தை என்று கையைக் காட்டினாள்.

முதல் தடவை அளந்தாள்... சரியாக இருந்தது. இரண்டாம் தடவையும் சரி. கடைசிச் சண்டை ஆரம்பித்தது. அண்ணனுக்குப் பிடித்த தாடிக்காரன் அடி வாங்குகிறான், விழுகிறான், எழுகிறான். அண்ணி வாய்க்குள் முருகனைக் கூப்பிடுகிறார்.

தாடிக்காரன் எதிரியைத் தூக்கிப் போட்டு மேலே விழுந்து அமுக்கினான். ரெஃப்ரி தரையில் தட்டி எண்ணுகிறார். ஒன்று... இரண்டு...

"இப்போது அரிசி மாவை நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள்" என்றார் டிவியில் ஒரு பட்டுச்சேலை அம்மா.

மாலதி ஓடிவந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அண்ணன் இன்னொரு கையால் நாற்காலியை மெதுவாகத் தட்டினார்.

"மூணு" என்றார்.

மாலதி பட்டையைச் சுற்றி அளந்தாள். அவள் நிமிர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நார்மல்தான்லா" என்றாள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணே, அது வந்து... நான்தான்..." என்று ஆரம்பித்து அழுதே விட்டேன்.

"தெரியும். நீ கொண்டாந்து கொடுத்த மறுநாளே போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏண்ணே ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாளும் நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்த மனுஷன், இதை மனசில் வைத்துக்கொண்டே குடித்திருக்கிறார். முகத்தில் காட்டவில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே அந்த டேப்பை எடுத்தாரோ என்னவோ... கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை டேப் இருந்த அலமாரியில் அதுதானா கையில் அகப்படும்?

மாலதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டையை என் கையில் சுற்றினாள். வந்த நம்பரை இரண்டு தடவை பார்த்தாள். இப்போது தினமும் காலையில் நானும் அரை மாத்திரை போடுகிறேன். மறைத்து வைக்கிறவர்களுக்குத்தான் பிரஷர் ஏறுகிறது. அடி வாங்கினவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அண்ணனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. புது டேப் வந்ததும் பார்க்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அண்ணி மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்... உள்ளே விடுவதற்கு முன் என் கைப்பையைத் திறந்து, செலோ டேப் இருக்கிறதா என்று பார்ப்பாராம்.